கொல்லிமலையில் மூன்று தலைமுறை: விசுவாசத்தில் ஒருவரை வளர்ப்பது என்றால் என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

கிறிஸ்தவக் குடும்பத்துல வளர்ந்த நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி சொல்ற ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். "சர்ச் வாலிபர் ஐக்கியத்துல ஒரு அண்ணன் எனக்கு மென்டரா இருக்கார். நல்லவர்தான். ஆனா எந்த வேலைக்குப் போறது, யாரோட பழகறதுன்னு எல்லாத்தையும் அவர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும்னு ஆயிடுச்சு. இது சரியா?" இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலைக்காக பெங்களூருக்கோ சென்னைக்கோ வந்த பிறகு, விசுவாசத்தைப் பற்றி மனசு விட்டுப் பேச ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்றவங்க.

ஒருத்தருக்கு வழிகாட்டி ரொம்ப நெருக்கம். இன்னொருத்தருக்கு வழிகாட்டியே இல்லை. நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார், அவரை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுங்கிறதுதான் ரெண்டு பேரோட கேள்வியும்.

நான் போதகரும் இல்லை, இறையியல் படிச்சவனும் இல்லை. சாஃப்ட்வேர் எஞ்சினியர். சேலம் பக்கத்துக்காரன். அதனால நம்ம பக்கத்துல, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில நடந்த ஒரு குடும்பத்தின் கதையை எடுத்துக்கலாம். அதுல ஒரு மிஷனரிப் போதகர், அவர் மனைவி, அவங்க பையன், அந்தப் பையன் பிற்காலத்துல வளர்த்துவிட்ட ஆட்கள் எல்லாரும் வருவாங்க.

முதலில், சீஷத்துவம்

கிறிஸ்தவத்தில் இந்த விஷயத்துக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு. சீஷத்துவம். கத்தோலிக்கர்கள் சீடத்துவம் என்பார்கள். சிஷ்யன் என்ற சொல்லிலிருந்து வந்தது. இயேசு 12 பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார், அவர்களோடு சாப்பிட்டார், அவர்கள் பயந்தபோது கூட இருந்தார். சிலபஸ் எதுவும் கொடுக்கலை. கூட இருந்தே கத்துக்கிட்டாங்க.

நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையைப் பார்த்திருக்கீங்களா? அங்கே புதுசா வர்ற பையனுக்கு யாரும் பாடம் எடுக்க மாட்டாங்க. மேஸ்திரி கூடவே நிப்பான். முதல்ல சாமான் எடுத்துக் கொடுப்பான், அப்புறம் பிடிச்சுக்குவான், ஒருநாள் மேஸ்திரியே "நீ வைடா வெல்டிங்"னு சொல்லிட்டுத் தள்ளி நிப்பார். தள்ளி நிக்கற அந்த நாளை நோக்கித்தான் எல்லாம் போகுது.

வேதாகமத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. பர்னபாவும் மாற்கும். மாற்கு இளைஞன். முதல் பயணத்தில் பாதியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப் போக மாட்டேன் என்று பவுல் பிடிவாதமாக நின்றார். பர்னபா அவனைத் தன்னோடு அழைத்துக்கொண்டு தனி வழியில் போனார். பல வருஷம் கழித்து, தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தில், மாற்கைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிக் கேட்பவர் அதே பவுல்தான். ஒருமுறை தோற்ற பையனை எழுதித் தள்ளாத ஒருத்தர் நடுவில் இருந்ததால் நடந்தது அது.

சேந்தமங்கலத்திலிருந்து மலைக்கு

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இன்னைக்குக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறணும்னா 70 கொண்டை ஊசி வளைவு. பைக்ல ரீல்ஸ் எடுத்துக்கிட்டே போயிடறோம். 1910-களில் அந்த ரோடு கிடையாது. நடக்கணும், இல்லைன்னா டோலியில் ஆட்கள் தூக்கிட்டுப் போகணும். மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டு மக்களே ஏறத் தயங்கின மலை.

ஜெஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பாக 1907-ல் இந்தியா வந்தார். அந்த மிஷனுக்கு மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஒரு நிலையம் இருந்தது. லண்டனில் வசதியான வீட்டில் பிறந்து, ஓவியம் கற்ற எவ்லின் ஹாரிஸை 1913-ல் திருமணம் செய்துகொண்டு, இருவரும் மலைமேல் வாழவந்தியில் குடியேறினார்கள். 1914 ஜூலையில் பால் பிறந்தார்.

ஜெஸி அடிப்படையில் கட்டடத் தொழில் தெரிந்தவர். வெப்பமண்டல நோய்களுக்கான சுருக்கமான மருத்துவப் பயிற்சியும் எடுத்திருந்தார். மலையில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பள்ளி, தச்சுப் பயிற்சி, மருந்து என்று வேலை போனது. (கேரள மலையாளிகள் வேறு, இவங்க வேறு. சேலம், நாமக்கல் பக்க மலைகளின் பழங்குடியினர்.)

ஒரு உதாரணம், நரம்புச் சிலந்தி. அழுக்குத் தண்ணீர் வழியா உடம்புக்குள்ள போற புழு, மாசக்கணக்கில் வளர்ந்து காலைத் துளைச்சுக்கிட்டு வெளியே வரும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் மெதுவா இழுக்கணும். ஜெஸி புழுவையும் எடுத்தார், கூடவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டவும் வைத்தார். புண்காலோடு யாரும் தண்ணீரில் இறங்காவிட்டால் நோய் பரவாது, அவ்வளவுதான். (இந்தியா இந்த நோயிலிருந்து முழுவதும் விடுபட்டதாக 2000-ல்தான் சான்று கிடைத்தது.) சின்னப் பையன் பால் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்ணை அள்ளிக் காட்டின தாத்தா

பாலுக்கு வழிகாட்டினவங்க அப்பா, அம்மா மட்டும் இல்லை. பிற்காலத்தில் அவர் எழுதின ஒரு கட்டுரையில் ஒரு மலைவாசித் தாத்தா வருகிறார். பையன்கள் கூட்டமா நெல் வயல் அடுக்குகளில் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். வரப்பு உடைஞ்சு தண்ணீர் சேறாகிக் கீழே ஓடுது. வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா வருகிறார். பையன்கள் அடி விழும்னு நினைக்கிறாங்க. அவர் ஓடுற தண்ணீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது என்னன்னு கேட்கிறார். இந்த மண்தான் தலைமுறை தலைமுறையா இந்த மலைக்குச் சோறு போடுது, ஒருமுறை கீழே போயிட்டா மறுபடி மேலே ஏறாதுன்னு பொறுமையா விளக்குகிறார்.

அந்த ஒரு கைப்பிடி மண்ணை பால் பிராண்ட் வயசானபிறகும் மறக்கலை. உலகம் முழுக்க மண் அரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தாத்தாவிடமிருந்துதான் ஆரம்பித்தார். தாத்தா கிறிஸ்தவரா இல்லையாங்கிறது கதைக்கே தேவைப்படலை. ஒரு மிஷனரி வீட்டுப் பையனுக்குப் படைப்பின் மேல பயபக்தியைக் கற்றுக்கொடுத்ததில் அந்த ஊர்ப் பெரியவருக்கும் பங்கு உண்டு. ஒரு இளைஞனுக்கு ஒரே ஒரு மென்டர் போதும்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

கப்பலில் வந்த கடிதங்கள்

இந்தக் கதையில் வலிக்கிற பகுதி இது. 1923-ல் 9 வயது பாலும் தங்கை கோனியும் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெற்றோர் பிறகு மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதன்பின் அப்பாவும் பையனும் கடிதங்களில்தான் பேசிக்கொண்டார்கள். மலையில் பார்த்த மரம், பறவை, பூச்சி, அவற்றில் தெரிந்த கடவுளின் கைவண்ணம் என்று ஜெஸி விடாமல் எழுதினார்.

1929 ஜூனில் ஜெஸி இறந்துபோனார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல். தந்தி இங்கிலாந்துக்கு உடனே போய்விட்டது. கடிதங்கள் கப்பலில்தான் வரும். ஆக, அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும், அப்பா எழுதின கடிதங்கள் பாலுக்கு வந்துகொண்டே இருந்தன. அப்பாவை விட்டுப் பிரிந்த பிறகு அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

இதை அழகான தியாகக் கதையா மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. மற்றவங்க பிள்ளைகளுக்காக மலையில் இருந்த ஒருத்தர், தன் பிள்ளை வளர்வதைப் பார்க்க முடியலை. அந்தக் கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம்தான். வழக்கம்ங்கிறதால விலை குறைஞ்சிடாது. இன்னைக்கும் சர்ச் ஊழியம்னு ஓடி, சொந்த வீட்டில் ஆள் இல்லாமல் போகிற போதகர்கள் இருக்காங்க. அவங்க பிள்ளைகளைக் கேட்டால் சொல்வாங்க.

அதே சமயம், அந்தக் கடிதங்களில் அப்பா பையனுக்குத் தான் பார்த்து வியந்ததைக் காட்டிக்கொண்டே இருந்தார். அப்பா போன பிறகும் பையனிடம் மிஞ்சினது அந்தப் பார்வைதான்.

வேண்டாம்னு சொன்ன பையன்

பால் டாக்டராகலாமே, படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உறவினர் ஒருவர் முன்வந்தார். பால் மறுத்துவிட்டார். காரணம் கொல்லிமலை. சின்ன வயதில் தொழுநோயாளிகள் சிலர் வீட்டுக்கு வந்தபோது, எதற்கும் அஞ்சாத அப்பா அன்று கையுறை போட்டுக்கொண்டார். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். புண்ணும் சீழும் அந்தப் பையனுக்கு அருவருப்பாகவே தங்கிவிட்டது.

அதனால் அப்பாவின் இன்னொரு தொழிலை எடுத்தார். கட்டட வேலை. சில வருஷம் கொத்து வேலையும் மர வேலையும் கற்றார். மிஷனரியாகப் போகும்முன் அப்பா மாதிரியே சுருக்கமான மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே மயங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற ஏற்ற, முகத்தில் நிறம் திரும்புவதைப் பார்த்தார். அன்றைக்கு மனசு மாறியது. பிறகு லண்டனில் முழு மருத்துவம் படித்து, அறுவை மருத்துவராகி, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அவரை யாரும் விரட்டலைங்கிறதைக் கவனிங்க. "உன் அழைப்பை நீ மறுக்கிறாய்"னு யாராவது 18 வயசில் பயமுறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுற்று வழியா வந்ததால், கையில் தச்சு வேலையும் இருந்தது. அதுவும் பிறகு உதவியது.

1947-ல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இருந்தது! செத்துப்போனதா நினைத்த கையில் நல்ல தசை மிச்சம் இருக்கு. அப்படின்னா அந்தத் தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து விரலை நிமிர்த்தலாம். தொழுநோயாளிகளின் கைகளுக்கான மறுசீரமைப்பு அறுவை சிகிச்சையில் அவர் முன்னோடியானது அங்கிருந்துதான். நோயாளிகள் தொழில் கற்க நியூ லைஃப் சென்டர் தொடங்கியபோது, பட்டறையில் டாக்டரே மர வேலை சொல்லிக்கொடுத்தார்.

அப்பா கையுறை போட்டுக்கொண்ட இடத்தில், பையன் வெறும் கையைக் கொடுத்தான். வழிகாட்டியின் பயம் எங்கே நின்றதோ, அதைத் தாண்டிப் போக சிஷ்யனுக்கு இடம் இருந்தது. "நான் நின்ற இடத்திலேயே நீயும் நில்"னு சொல்ற வழிகாட்டுதலில் இது நடக்கவே நடக்காது.

அடுத்த தலைமுறை

இப்போ பால் பிராண்ட் வழிகாட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டார். மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் வேலூரில் வேலை பார்த்தார். மகப்பேறு மருத்துவராக ஆசை. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் பால் பிராண்ட் கேட்டார்: உட்கார்ந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாமே? சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார் மேரி. பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963-ல் வேலூரில் அந்தத் துறையின் தலைவரானார். 1972-ல் பத்மஸ்ரீ.

ஆறுதல் வசனம் சொல்லிவிட்டுப் போவது எளிது. பிராண்ட் அவரிடம் ஒரு நிஜமான வேலையைக் கொடுத்தார். உன்னால் முடியும் என்று வாயால் சொல்வதைவிட, கத்தியைக் கையில் கொடுப்பது பெரிய நம்பிக்கை.

இன்னொருத்தர் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் யான்சி. அவர் ஒரு வயதாக இருக்கும்போது அப்பாவுக்குப் போலியோ. ஜெபத்தில் குணமாகிவிடுவார் என்று நம்பியவர்கள், மருத்துவர்கள் சொன்னதை மீறி அவரைச் சுவாச இயந்திரத்திலிருந்து எடுத்தார்கள். இறந்துபோனார். வளர்ந்த சர்ச்சில் வெளிப்படையான நிறவெறி. இப்படிச் சர்ச்சால் காயப்பட்டு, சந்தேகங்களோடு இருந்தவர் 1970-களில், இருபதுகளின் வயதில், லூசியானாவில் வேலை பார்த்த பால் பிராண்டைச் சந்தித்தார். வேலூர் மாணவர்களுக்கு பிராண்ட் பேசிய உரைகளின் பழைய தாள்கள் அவர் கையில் கிடைத்தன. அதிலிருந்து 1980-ல் ஒரு புத்தகம், பிறகு இன்னும் இரண்டு. சேர்ந்து எழுதின அந்த வருஷங்களில் யான்சி கூடவே பயணம் செய்தார், கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். வாதத்தில் ஜெயித்து பிராண்ட் அவரை மாற்றலை. தான் வாழ்வதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க விட்டார்.

பாட்டி என்ன செய்தார்?

எவ்லினை மறந்துடக் கூடாது. கணவர் இறந்த பிறகும் அவர் பணியை விடலை. 1940-களின் கடைசியில், 68 வயதில், மிஷன் அவரை மறுபடி அனுப்பத் தயங்கியது. வயசாயிடுச்சு, ஓய்வெடுங்கன்னு. அவர் மிஷனிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் மலையேறினார். கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை என்று மட்டக்குதிரையில் போய்க்கொண்டே இருந்தார். பெயரே 'பிராண்ட் பாட்டி' என்றாகிவிட்டது. 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகில் அடக்கம்.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மேடையில் நிற்பவரின் பெயர் நினைவில் நிற்கும். ஆனா பல பேருடைய விசுவாசத்துக்குப் பின்னால ஒரு பாட்டிதான் இருப்பாங்க.

அப்போ நம்ம கேள்விக்கு என்ன பதில்?

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லணும். மருந்து, பள்ளி, சாப்பாடு கொடுக்கிறவர்தான் மதத்தையும் சொல்கிறார் என்றால், கேட்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு சுதந்திரம் இருக்கு? ஆங்கிலேயர் ஆண்ட காலத்து மிஷன்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயம். அதே கேள்வியை இன்றைய சர்ச்சிலும் கேட்கலாம். வேலை வாங்கித் தர்றவர், கல்யாணத்துக்கு சிபாரிசு பண்றவர், எல்லாரையும் தெரிஞ்சவர் ஒருத்தர் மென்டராவும் இருந்தால், அவர் பேச்சை மறுப்பது கஷ்டம். அந்த அதிகாரம் தன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு நடந்துக்கறவர்தான் பொறுப்பான வழிகாட்டி.

நான் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கிட்டது மூணு விஷயம்.

முதல் விஷயம், நீங்க "இல்லை"ன்னு சொன்ன பிறகும் அவர் உங்களோட இருக்காரா? கோபப்படலாம், வருத்தப்படலாம். ஆனா சாபம், பயமுறுத்தல், குழுவை விட்டு ஒதுக்கறது வந்தால் அது கட்டுப்பாடு.

இரண்டாவது, உங்களுக்கு வேற ஆட்கள் இருக்கறதை அவர் விரும்புறாரா? பாலுக்கு அப்பா, அம்மா, மலைத் தாத்தா எல்லாரும் இருந்தாங்க. "என்னைத் தவிர யார்கிட்டயும் பேசாதே, இதை வீட்டில் சொல்லாதே"ன்னு ஒருத்தர் சொன்னா அங்கேயே நின்னுடுங்க. 18 வயசுக்குக் கீழே இருக்கிற தம்பி, தங்கைகளுக்குத் தப்பா எதுவும் நடந்தால் 1098-க்குக் கூப்பிடலாம். சர்ச் பெயர் கெட்டுடும்னு மறைக்கிறது விசுவாசம் இல்லை.

மூணாவது, வருஷம் போகப் போக உங்க முடிவை நீங்களே எடுக்கிற தைரியம் கூடுதா, குறையுதா? எங்க வேலையில் கோட் ரிவ்யூ பண்ற சீனியர் ரெண்டு வகை. ஒருத்தர் உங்க கோடை அழிச்சுட்டு அவரே எழுதிடுவார். வேலை சீக்கிரம் முடியும். நீங்க ஒண்ணும் கத்துக்க மாட்டீங்க. இன்னொருத்தர் "இந்த இடத்துல இன்புட் காலியா வந்தா என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி போட்டுட்டு விட்டுடுவார். எரிச்சலா இருக்கும். ஆறு மாசம் கழிச்சு அந்தக் கேள்வியை நீங்களே உங்ககிட்ட கேட்டுக்குவீங்க.

மென்டர் இல்லைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கடிதத்தில்கூட ஒருத்தரை வளர்க்க முடிஞ்சிருக்கு. ஊரில் உங்களை ஞாயிறு பள்ளியில் பார்த்துக்கிட்ட டீச்சர், வெளிப்படையாப் பேசின ஒரு போதகர், உங்க பாட்டி, யாராவது ஒருத்தர் இருப்பாங்க. மாசம் ஒரு போன் போடுங்க. உங்க சந்தேகத்தையும் மறைக்காம சொல்லுங்க. அப்படியே உங்களைவிட நாலஞ்சு வயசு சின்னவங்க யாராவது உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்காங்களான்னும் கொஞ்சம் திரும்பிப் பாருங்க.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. உங்களை வளர்த்துவிட்ட ஆள் யாருன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கலாம்.